எல்டோரா டிரக் பந்தயம்: 2020-இல் வென்றவர் யார்?

நண்பரே, அமெரிக்க கார் பந்தய அமைப்பான நாஸ்கார் எல்டோரா மண் தடத்தில் நடத்திய டிரக் பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலில் 2020 மட்டும் நிரம்பவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தேடிச் சலிக்க வேண்டாம், அந்த ஆண்டு பந்தயமே நடக்கவில்லை. கொரோனாவால் ரத்து. கடைசியாக நடந்தது 2019-இல், வென்றவர் ஸ்டூவர்ட் ஃப்ரீசன். 2021-இல் நாஸ்காரின் டிரக் போட்டித் தொடரின் மண் பந்தயங்கள் பிரிஸ்டல், நாக்ஸ்வில் தடங்களுக்குப் போய்விட்டன.

அப்புறம், நாஸ்காரின் மண் பந்தயம் பற்றி ஒரு இடத்தில் 1970, இன்னொரு இடத்தில் 2013 என்று போட்டிருக்கிறதே என்ற குழப்பம். இரண்டும் சரிதான். நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்று அதற்கு முன் மண் தடத்தில் கடைசியாக ஓடியது 1970-இல், வட கரோலினாவின் ராலேயில். ரிச்சர்ட் பெட்டி வென்றார். அதன் பிறகு 43 ஆண்டுகள் தார்த் தடம், கான்கிரீட் தடம் மட்டும்தான். 2013 ஜூலையில் ஒஹையோவின் எல்டோராவில், அரை மைல் களிமண் வட்டத்தில் பிக்கப் டிரக்குகளை இறக்கினார்கள். தடத்தின் உரிமையாளர் டோனி ஸ்டூவர்ட், அவரே பந்தய வீரர். அதனால்தான் இந்தத் துணிச்சல் என்பது என் எண்ணம். முதல் ஆண்டு ஆஸ்டின் டில்லன் வென்றார், கைல் லார்சன் இரண்டாவது. லார்சனுக்கு 2016-இல்தான் கிடைத்தது. உங்கள் பட்டியலில் அவர் பெயர் 2013-க்கு நேரே இருக்கிறது, மாற்றிவிடுங்கள்.