சமையலறைக்கு எந்தக் கத்தி வாங்கலாம்? அதன் கூர் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஆறு கத்திகள் மரக்கட்டையில் செருகி வரும் தொகுப்பை வாங்கலாமா, முன்பு வாங்கிய கத்தி ஏன் மூன்றே மாதத்தில் மழுங்கிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எந்தக் கத்தியும் மழுங்கத்தான் செய்யும். தீட்டும் வழக்கம் இல்லாத வீட்டில் ஐயாயிரம் ரூபாய்க் கத்தியும் ஐம்பது ரூபாய்க் கத்தியும் ஒரு வருடத்தில் ஒன்றுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது இடது கை ஆள்காட்டி விரலில். தக்காளியின் தோலில் இறங்காமல் கத்தி வழுக்கியது. கொஞ்சம் அழுத்தினேன். தக்காளிக்கு மழுங்கலாக இருந்த அதே கத்தி விரலுக்குக் கூராகத்தான் இருந்தது.

வாங்குவதற்கு இரண்டு கத்திகள் போதும். காய், வெங்காயம், கீரை, எலும்பில்லாத கறி எல்லாவற்றுக்கும் அலகு 18 முதல் 20 செ.மீ. வரை நீளமுள்ள ஒன்று. பூண்டு, பழம் போன்ற சில்லறை வேலைக்குக் கைக்கடக்கமாக ஒன்று. தேங்காய்க்கும் எலும்புக்கும் வெட்டுக்கத்தியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பிடித்துப் பாருங்கள்: அலகைப் பலகையில் படிய வைக்கும்போது விரல் முட்டிகள் பலகையில் இடித்தால் வேண்டாம். அலகின் உலோகம் பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். பாதியில் நின்றுவிடும் மலிவான கத்திகள் சீக்கிரம் ஆட்டம் காணும்.

உலோகம் என்று பார்த்தால், ஜெர்மானிய வகைக் கத்திகள், உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் பெரும்பாலும் 56, 58 என்று இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60ஐத் தாண்டும். கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் முரட்டு வேலையைத் தாங்காது. பூசணிக்காயில் செருகிப் பக்கவாட்டில் நெம்பினால் விளிம்பில் பல் விழுந்துவிடும். நம் வீட்டுக் கைகளுக்கு முதல் வகையே நல்லது என்பேன். கொல்லர் பட்டறை இரும்புக் கத்தி எனக்கு மிகவும் பிடிக்கும். எளிதில் கூர் ஏறும். ஆனால் வாழைக்காயை இன்னும் கறுக்கச் செய்யும், எலுமிச்சை நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்தால் காலையில் துரு நிற்கும். அப்போதைக்கப்போது துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் கத்தி மூன்று மாதத்தில் மழுங்கியதற்கு அடியில் இருப்பதைத்தான் சந்தேகிக்கிறேன். எவர்சில்வர் தட்டு, கிரானைட் மேடை, கண்ணாடிப் பலகை இவற்றின்மேல் நறுக்கினால் எந்தக் கூரும் நிற்காது. மரப்பலகை வாங்குங்கள். கறிக்கடைக்காரர் புளியங்கட்டையை விடாமல் வைத்திருப்பது சும்மா இல்லை. நறுக்கியதை வாணலியில் தள்ளும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். விளிம்பால் சுரண்டுவதில் பாதிக் கூர் போகிறது.

தெருவில் வருகிறவரிடம் சாணை பிடிக்கக் கொடுக்கலாமா? நானும் ஒருமுறை நல்ல கத்தியைக் கொடுத்தேன். பொறி பறந்தது, கூரும் வந்தது. இரண்டே வாரத்தில் மறுபடி மழுங்கல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது விளிம்போரம் நீலம் பாய்ந்திருந்தது. தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய அலகு சூடேறி, பதம், அதாவது உலோகத்தின் கடினம், இறங்கிவிட்டது என்பதற்கு அந்த நீலம்தான் அடையாளம். அரிவாளுக்கு அவரிடம் போகலாம், இதற்கு வேண்டாம்.

1000 எண் கொண்ட தீட்டுக்கல் ஒன்று வாங்கிவிடுங்கள் (அந்த எண் கல்லின் சொரசொரப்பைக் குறிப்பது). தண்ணீரில் ஊறவைக்க வேண்டிய கல்லாக இருந்தால், குமிழி வருவது நிற்கும் வரை ஊறட்டும். அடியில் ஈரத்துணி விரித்தால் கல் நகராது. கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாய்த்தால் 45 டிகிரி. மறுபடி பாதி சாய்த்தால் சுமார் 22. அதைவிட ஒரு நூல் இறக்கிப் பிடித்தால் போதும். அந்தச் சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனி வரை தேய்த்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில், முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெல்லத் தடவினால் நகத்தின் ஓரம் போல ஒரு பிசிறு தட்டுப்படும். அது நீளம் முழுவதும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பலர் இதற்குப் பொறுக்காமல் பக்கத்துக்குப் பத்து இழுப்பு என்று கணக்கு வைத்துத் தோற்றுப்போகிறார்கள். மறுபக்கமும் பிசிறு வந்ததும், மாறி மாறி மிக லேசாக இழுத்து அதை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். சிக்காமல் இறங்கினால் சரி.

கல் வரும் வரை பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய சமையல் ஓடிவிடும்.

தொகுப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் பெரியதையும் சிறியதையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். ரம்பப் பல் உள்ளது ரொட்டிக்கு. அதை இந்தக் கல்லில் வைத்துவிடாதீர்கள்.