வாங்கும் முன், வாங்கிய பின்: வீட்டு லேன் கேள்விகள்

ரூட்டரில் லேன் கேபிள் செருகும் நான்கு போர்ட்டும் நிறைந்துவிட்டன. இன்னும் மூன்று சாதனங்கள் உள்ளன. போர்ட்டுகளைக் கூட்டித் தரும் சுவிட்ச் பெட்டி, 5 போர்ட் உள்ளது போதுமா? – வாசகர், சேலம்

இன்றைக்குப் போதும். ரூட்டரில் ஒன்று, சுவிட்சில் ஒன்று இணைப்புக்கே போய்விடும். மிஞ்சும் கூடுதல் போர்ட் சரியாக மூன்றுதான். நாளைக்கும் சேர்த்து 8 போர்ட் வாங்குங்கள். பெட்டியில் 10/100/1000 (எம்பிபிஎஸ் வேகம்) என்று இருக்க வேண்டும். வெறும் 10/100 என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் லேன் ஸ்ப்ளிட்டரை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு டிவியில் ஒன்றுதான் வேலை செய்கிறது. – கோவை

அது அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் லைன் தரும். திருப்பி அனுப்புங்கள்.

வீடு கட்டும்போது எலெக்ட்ரீஷியன் கேட்6 (லேன் கேபிளின் ஒரு தரம்) என்று சொல்லி எல்லா அறைக்கும் கேபிள் இழுத்தார். 300 எம்பிபிஎஸ் பிளானில் 95ஐத் தாண்டவில்லை. மாடி கேமரா இரவில் அணைந்து அணைந்து எரிகிறது. – மதுரை

ஒரு முனையில் கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். உங்கள் மேல் தவறில்லை, ஏமாற்றியிருக்கிறார்கள். கேட்6 தரநிலைப்படி கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கேமரா, இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது தாங்காது. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓட எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று முறிந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம்.

எனக்கும் இதே கேபிள் பெட்டியை ஒரு கடையில் தள்ளினார்கள். ஜாக்கில் ஏற்றும்போதே கம்பி ஒடிந்தது. பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். சுவருக்குள் போய்விட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற துணிச்சலில் நடக்கும் வியாபாரம் இது. இதைக் கேட்6 என்று விற்பது மோசடி. வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பில்லில் கேட்6 என்று இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கேபிளைப் பைப்புக்குள் விட்டிருந்தால், பழையதோடு புதியதைக் கட்டி இழுத்துவிடலாம். இந்த முறை பில்லில் 'முழுச் செம்பு' என்று எழுதி வாங்குங்கள்.

புது சுவிட்சில் மிச்சமிருந்த கேபிளின் இரண்டு முனையையும் செருகினேன். வீடு முழுக்க நெட் போய்விட்டது. மட்டமான சுவிட்ச் என்று கடையில் சண்டை போட்டேன். – திருச்சி

சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் இருந்தால் டேட்டா அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வழியை அடைத்துவிடும். அந்தக் கேபிளை உருவுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.