விசாரிக்க ஒரு ஆள்: ஐயரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. தனியாக இருக்கிறவர்களை யார் பார்ப்பது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு 81 வயது. மகன் பெங்களூரில், மகள் மஸ்கட்டில். நான் டீச்சர், இரண்டு சின்னப் பிள்ளைகள். தினமும் சாயங்காலம் ஆச்சி கூப்பிடுகிறார்கள். சிலிண்டர் மாட்ட, மாத்திரைப் பெயரைப் படித்துச் சொல்ல, ஒன்றுமில்லாவிட்டால் சும்மா பேச. இப்போதெல்லாம் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து வீட்டுக்குள் போய்விடுகிறேன். கோயிலில் நற்கருணை அப்பம் எடுக்கும்போது மனசு குத்துகிறது. பெற்ற பிள்ளைகள் இருக்க, இது என் பொறுப்பா? (ஒரு சகோதரி, சாத்தான்குளம்)

குத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே சகோதரி, அந்த மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ" என்று கேட்ட காயீன் பதிலைத் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. தம்பியைக் கொன்றுவிட்டு, தப்பிக்கக் கேட்டான். நீங்கள் கேட்பது வேறு. பாரம் தாங்காமல் கேட்கிறீர்கள்.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் வசனம், "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. மூன்று வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. கல்யாணமான புதிதில் இதை என் கணவரிடம் கேட்டேன். அவர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் அப்போது சேகர குரு, அதாவது பல சபைகளைச் சேர்த்துப் பார்க்கிற ஐயர் (அதனால்தான் நான் ஐயரம்மா). கிரேக்கத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தை, தமிழில் இரண்டும் பாரம் ஆகிவிட்டது என்றார். அப்புறம் ஜன்னல் வழியே கையைக் காட்டினார். செம்மணல் தேரிப் பக்கமிருந்து விறகுக்கட்டோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். "அந்தக் கட்டைத் தானாகத் தலையில் ஏற்ற ஒருத்தியாலும் முடியாது. தூக்கிவிட ஒரு ஆள் வேணும். ஏறின பிறகு வீடுவரை நடக்கிறது அவதான்" என்றார். நாற்பது வருஷம் ஆகிறது. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அந்த அதிகாரத்தை விளக்கவில்லை.

நீங்கள் தூக்கிவிடுகிற ஆள். ஆச்சியின் கட்டை வீடுவரை சுமக்கிற ஆள் இல்லை. அந்த இடத்தில் மகனும் மகளும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெற்றாருக்குப் பதில் நன்மை செய்யப் பழக வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதே போதும். போதாதென்றால் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் அதையே சொல்கிறது, அதற்குக் கோட்டாட்சியரிடமே மனு கொடுக்கலாம். சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. ஆச்சியிடம் கேட்டு மகனுடைய நம்பரை வாங்குங்கள். கோபமில்லாமல் பேசுங்கள்: "அண்ணே, சிலிண்டர் மாட்ட, மருந்து வாங்க மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆள் ஏற்பாடு பண்ணுங்க. ஆச்சிகூட உக்காந்து பேசுறதை நான் பாத்துக்கிடுதேன்." பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. போனில் எல்லாத் தாயும் "நல்லாருக்கேன்" என்றுதானே சொல்வாள்.

அப்புறம் ஆச்சியிடம் போய், "செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு வாரேன், அரைமணி நேரம் இருப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் போயே ஆகவேண்டும். எங்கள் சேகரம் ஒன்றில் ரிட்டயர்டு நர்ஸ் ஒரு அம்மா, நாங்கள் குடியிருந்த குருமனைக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஆள் அனுப்புவார்கள். நானும் சலித்துப்போயிருக்கிறேன். வியாழக்கிழமை மூன்று மணி என்று நான் நாள் குறித்த பிறகு ஆள் வருவது நின்றுவிட்டது. வியாழன் நான் போகும்போது தலைசீவி, பவுடர் போட்டு, திண்ணையில் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டு வைத்திருப்பார்கள். வருவாளோ மாட்டாளோ என்று தெரியாததால்தான் அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்றைக்குக் கேட்டைச் சத்தமாகவே திறங்கள்.

எங்கள் சபையில் கோயிலுக்கு முன்னால் பெரிய போர்ட்டிகோ கட்டியாயிற்று, ஸ்பீக்கர் எல்லாம் புதுசு. தனியாக இருக்கிற வயசானவர்களுக்கென்று ஒரு திட்டமும் இல்லை. கமிட்டியில் கேட்டால் முறுமுறுக்கிறவன் என்கிறார்கள். யாரிடம் முறையிடுவது? (வாலிபர் சங்க உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்)

தம்பி, முதல் சபையிலேயே முறுமுறுத்தார்கள். "தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லையென்று" அப்போஸ்தலர் 6-இல் இருக்கிறது. முறுமுறுக்காதே என்று அப்போஸ்தலர்கள் வாயை அடைக்கவில்லை. ஏழு பேரைப் பெயர் சொல்லி நியமித்தார்கள். ஆகவே நீங்கள் கேட்டது சரி. மறுபடியும் கேளுங்கள்.

ஆனால் கேட்கப் போகும்முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சபையில் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுக்கிறவர்கள் எத்தனை பேர்? பெயர் தெரியுமா? எந்தத் தெரு? சபை ஊழியரிடம் குடும்பப் பட்டியலை வாங்கி உட்கார்ந்து எழுதுங்கள். கோயிலுக்கு வராமல் நின்றுபோனவர்களை விட்டுவிடாதீர்கள். பிள்ளை வேறு சாதியில் கட்டியதால் சொந்தக்காரர்கள் ஒதுக்கியவர்கள், கல்யாணமே ஆகாமல் ஐம்பதைத் தாண்டிய பெண்கள், குடியினால் வீடு இழந்த ஆண்கள், இவர்களெல்லாம் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். பெயர் இருந்தால் கமிட்டியால் தட்டிக்கழிக்க முடியாது. அதைவிட, பெயரை எழுதின பிறகு உங்களாலும் முடியாது.

கோயிலுக்கு வரமுடியாதவர்களுக்கு வீட்டிலேயே நற்கருணை கொடுக்க என் கணவர் ஒரு சிவப்பு அட்டை நோட்டு வைத்திருந்தார். ஒரு சேகரத்தில் 19 பெயர். ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஒருநாள் ஜெபம் முடிந்து எழுந்தபோது, கட்டிலில் கிடந்த ஒரு தாத்தா அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்க பக்கம் மழை பெஞ்சுதா?" என்று கேட்டார். இவர் நின்றுகொண்டே "பெஞ்சுது தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது கையை உதறிவிட்டு எழுந்தார். "அந்த மனுஷன் மழையைப் பத்திப் பேச ஆள் தேடியிருக்கார், நான் வாட்சைப் பாத்தேன்" என்றார். மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், குளம் பெருகினது, கம்பு விதைத்தது, எல்லாம் கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து ஒரே நாளில் 19 வீடு போகிற வழக்கத்தை விட்டார். ஒரு நாளைக்கு நான்கு வீடுதான்.

யாக்கோபு 1:27-இல் "அவர்களை விசாரிக்கிறதும்" என்று நம் வேதத்தில் போட்டிருக்கிறார்களே, அதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது. விசாரிப்பது என்றால் உதவி கொடுப்பது மட்டுமில்லை, கேட்பது. கேட்டால் பதில் முடியும்வரை இருக்கவேண்டும்.

உங்கள் ஊரில் அசனம் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற கோயில் விருந்து) எப்போது? வரமுடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்புவது நம்மிடம் உண்டு. இந்தத் தடவை வாலிபர்கள் இரண்டு ஆள் சாப்பாடாக வாங்கிக்கொண்டு போங்கள். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாமல், கூட உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள். இதற்குத் தீர்மானம் போட வேண்டியதில்லை.

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்து மூன்று வருஷம். அம்மா ஊரில். மாதம் 20,000 அனுப்புகிறேன், வேலைக்கு ஆள் இருக்கிறது, ஹாலில் கேமரா வைத்து போனிலேயே பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் "எனக்கு யார் இருக்கா" என்கிறார்கள். இதற்குமேல் என்ன செய்வது? (ஒரு மகன்)

நீங்கள் செய்வது கொஞ்சமில்லை ஐயா. அந்தப் பணத்துக்குப் பின்னால் என்ன வெயில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் தம்பியும் இருபது வருஷம் அங்கே இருந்தவன்தான்.

ஆனால் அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் அம்மாவைப் பார்க்கிறீர்கள். அம்மாவுக்கு உங்களைத் தெரியவில்லை. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் இருக்கிறது. அந்த அம்மா கேமராவுக்கு நேரே உட்காருவதே இல்லை, அடுக்களை வாசப்படியில் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கேட்டால், "அது பாத்துக்கிட்டே இருக்கு, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்கிறார்கள்.

பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தை இன்று ராத்திரி வாசியுங்கள். லூக்கா மாத்திரம் கூட இருக்கிறான், மற்றவர்கள் போய்விட்டார்கள். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கேட்கிறார், புஸ்தகங்களைக் கேட்கிறார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், "நீ சீக்கிரமாய் என்னிடத்தில் வரும்படி ஜாக்கிரதைப்படு" என்கிறார். முடிக்கும்போது மறுபடியும், "மாரிகாலத்துக்குமுன் நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு." அத்தனை பெரிய அப்போஸ்தலரே இரண்டு தடவை கேட்டிருக்கிறார் என்றால், உங்கள் அம்மா கேட்பதில் என்ன தப்பு?

லீவு கிடைக்கும்போது வாருங்கள். அதுவரை, நம் ஊரில் ராத்திரி எட்டரை என்றால் உங்களுக்கு ஏழு. தினமும் அந்த நேரத்தில் அம்மாவுடன் சேர்ந்து குடும்ப ஜெபம் வையுங்கள். நீங்கள் வசனம் வாசியுங்கள், ஜெபம் அம்மா செய்யட்டும். பேச விஷயமில்லாத நாளிலும் ஜெபம் இருக்குமே. கேமரா வேண்டுமா வேண்டாமா என்று அம்மாவையே கேளுங்கள்.

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா? (கோவில்பட்டி வாசகி)

இல்லை. சேர்த்துவிட்டு, போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் பாவம். அங்கே நடத்துகிற முறை சரியில்லை என்று தோன்றினாலோ, வயசானவர்களை யாராவது துன்புறுத்துவதைப் பார்த்தாலோ 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மூத்த குடிமக்களுக்கென்றே உள்ளது, கட்டணமில்லை.

எனக்கு 62 வயது. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. யாரும் என்னைத் தேடி வருவதில்லை. வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் ஆனால் நெஞ்சு அடைக்கிறது. "இயேசு இருக்கும்போது தனிமை ஏது, உனக்கு விசுவாசம் குறைவு" என்று ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையா? (பெயர் வேண்டாம்)

இல்லை அம்மா. அப்படிச் சொன்னவரை ஆண்டவர் மன்னிப்பாராக. கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், "என்னோடேகூட விழித்திருங்கள்" என்றாரே. அவருக்கு விசுவாசக் குறைவா? மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்று தேவன் சொன்னது, பாவம் உலகத்தில் வருவதற்கு முன்னால். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்கும் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அனுப்பினார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் போன பிறகு குருமனையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஐயர் குடும்பம் வரவேண்டும், நியாயம்தான். 34 வருஷம் வாசல் கதவைச் சாத்தினதே இல்லை, எந்நேரமும் யாராவது வருவார்கள். பாளையங்கோட்டையில் வாடகை வீட்டுக்கு வந்தேன். முதல் மாதம் விசாரிக்க வந்தார்கள். பிறகு யாரும் இல்லை. "என் ஆத்துமாவை விசாரிப்பார் ஒருவரும் இல்லை" என்று 142-ஆம் சங்கீதத்தில் வரும். அதை எத்தனையோ துக்க வீட்டில் வாசித்தவள் நான். எனக்கென்று அதை வாசித்தது அப்போதுதான்.

வந்தவர்கள் எல்லாரும் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் டப்பாவில் நமுத்துப்போனது. ஒருநாள் காலை எதிர்வீட்டுப் பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டி, "பெரியம்மா, ரெண்டு இணுக்கு கருவேப்பிலை இருக்கா? தாளிச்சுப் போட்டு வந்துட்டேன், ஸ்டவ் எரியுது" என்றாள். ஃபிரிட்ஜில் இருந்ததை அள்ளிக் கொடுத்தேன். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தாள். அந்தக் குழந்தை என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்கென்று குழம்பு வைத்தேன், பல நாளைக்குப் பிறகு.

எனக்கு எதையும் கொடுக்க அவள் வரவில்லை. என்னிடம் கேட்டாள். அவள் இந்து, எங்கள் சபையும் இல்லை. சமாரியப் பெண்ணிடம் இயேசு, "தாகத்துக்குத்தா" என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார் என்பதை அதன்பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நெஞ்சு அடைப்பதை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், முதல் வேலை அதுதான். நீங்கள் தையல் தெரியும் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதைச் சொல்லிவையுங்கள், பக்கத்து வீட்டில் பிளவுஸ் பிரிந்தால் உங்களிடம் வரட்டும். முகவரி மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், பத்திரிகையில் வராது. தபால் முத்திரையில் ஊர் பாதி தெரிகிறது, எனக்கு ஒரு பஸ் தூரம்தான். என் ஜாக்கெட் ஒன்றுக்குக் கை பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன். காப்பி போட்டால் சீனி வேண்டாம் அம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கிறது.