கடைசி பெஞ்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

என் அக்கா வேறு மதத்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அதற்காக ஊர்ச் சபையில் அவளுக்கு நற்கருணையை, ஆராதனையில் தரும் அப்பத்தையும் திராட்சரசத்தையும், நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கோயிலுக்குப் போவதில்லை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலை யூடியூபில் ஆராதனை பார்க்கிறேன். வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். இதற்கு மேல் சபை ஐக்கியம் எதற்கு? ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி மனிதரை அவமானப்படுத்தவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யூடியூபை முதலில் முடித்துவிடுகிறேன். கேளுங்கள், தப்பில்லை. நானும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறவன்தான். சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்கிற எபிரெயர் 10:25ஐ எடுத்து உங்கள்மேல் வீசப்போவதில்லை. அதை ஏற்கெனவே நாலு பேர் வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. போன மாதம் என் சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இதேதான் மண்டைக்குள் ஓடுகிறது.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். ஒரு வரப்புத் தகராறில் சித்தப்பா பக்கத்து வீட்டு மாமாவின் மண்டையை உடைத்துவிட்டார். குடித்திருந்தார். இரண்டு பேரும் ஒரே சபை. போலீஸுக்குப் போகவில்லை. சபைக் கமிட்டி கூடி சித்தப்பாவுக்கு நற்கருணையை நிறுத்தியது.

அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. நற்கருணை ஞாயிறுகளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போகும்போது, தன் முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிடுவார். அப்புறம் அந்த பெஞ்சில் மிச்சம் இரண்டே பேர். திடப்படுத்தல் ஆகாததால் இன்னும் நற்கருணை எடுக்காத சிறுவன் நான், பக்கத்தில் அவர். பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்து எனக்கு வரி காட்டுவார். விரல் நடுங்கும்.

வாரம் தவறாமல் ஐயர், எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம், சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். கருப்பட்டிக் காப்பி குடிப்பார். பனை பாளை விட்டிருக்கிறதா என்று கேட்பார். அடிதடியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், மாமாவே வாசலில் வந்து நின்றார். “நாளைக்கி வாடே” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பீடத்துக் கிராதி முன்னால் சித்தப்பா முழங்காலிடப் போனபோது, மாமா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். புருவத்துக்கு மேலே தழும்பு அப்படியே இருந்தது.

சபை ஒழுங்கு என்று நான் சொல்வது இந்த எட்டு மாதத்தையும் சேர்த்துத்தான். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், ஒருவனை விலக்கச் சொன்னவர் பவுல். இரண்டாம் நிருபத்தில் ஒருவனைப் பற்றி, “இந்தத் தண்டனையே போதும்” என்கிறார். அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். நம் கமிட்டிகளுக்கு முதல் நிருபம் மனப்பாடம். இரண்டாவது தபாலில் தொலைந்துவிட்டது போலிருக்கிறது. விலக்கி வைக்க ஒரு தீர்மானம் போதும். திரும்ப அழைத்துவர ஒருவர் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார்: சாதியை விட வேண்டும், உடனே விட வேண்டும். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். போகட்டும் என்று நின்றது அன்றைய ஒழுங்கு. இன்று மகனுக்குச் சாதி போட்டு வரன் விளம்பரம் கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்தான் கமிட்டிக்கு அகப்படுகிறாள். இதை ஒழுங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உங்களிடம் வருகிறேன். அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவமானம்தான், சித்தப்பாவுக்கும் இருந்தது. ஆனால் அவர் வராவிட்டால் அந்த பெஞ்சில் ஒரு ஆள் குறைவது ஊருக்கே தெரிந்திருக்கும். நீங்கள் நாளைக்கு அந்தச் சேனலைப் பார்க்காவிட்டால் யார் வந்து கதவைத் தட்டப்போகிறார்கள்? நல்ல பிரசங்கம் கிடைக்கிறது என்பீர்கள். எங்கள் ஐயர் பிரசங்கத்தில் பாதி ஊர் தூங்கும், அது வேறு கதை.

ஊர் ஐயர் உங்கள் அக்கா வீட்டுக்கு ஒருமுறையாவது போனாரா என்று கேட்டு எழுதுங்கள். போகவில்லை என்றால் அவருக்கும் சேர்த்துத் திட்டி எழுதுகிறேன். ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அக்கா இரண்டு வரியோடு காணாமல் போகிறாள். அதற்கப்புறம் எல்லாம் உங்கள் ஞாயிற்றுக்கிழமை. அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள்? நீங்கள் கடைசியாக அவள் வீட்டில் எப்போது சாப்பிட்டீர்கள்?