தோல் நிறப் பென்சில்

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். என் பேத்தி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், நல்ல கறுப்பு. தினமும் இரவில் அவளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது வழக்கம். போன வாரம் கதையின் நடுவில், “ஏன் பாட்டி, அரக்கன் எல்லாம் கறுப்பாவே இருக்கான்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அவளுடைய வரைநோட்டைப் பார்த்தேன். தன் முகத்துக்கு, பிள்ளைகள் ‘தோல் கலர்’ என்று சொல்கிற வெளிறிய பென்சிலைத் தீட்டியிருந்தாள். பெட்டியில் அந்தப் பென்சில் மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்திருக்கிறது. தவிட்டு நிறப் பென்சில் சீவப்படாமலேயே கிடக்கிறது. மருமகள் அவளைக் குளிப்பாட்டும்போது கடலைமாவு தேய்த்துக்கொண்டே, “பிள்ளைக்க நெறம் அப்பனுக்க நெறம், என்ன செய்ய” என்பாள். என் மைனியோ, “நிறவெறி எல்லாம் வெள்ளைக்காரனுக்க வியாதி, நம்ம ஊர்ல அது ஏது” என்கிறார். இப்படிப்பட்ட கதைகளை விட்டுவிடவா? கறுப்பு என்ற சொல்லை மட்டும் மாற்றி வாசிக்கவா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள அம்மா, அரக்கனைப் பற்றிய கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பென்சிலைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் வண்ணக்குச்சிகளில் ஒன்றுக்குச் ‘சதை நிறம்’ என்ற பொருளில் பெயர் வைத்திருந்தது. எல்லோருடைய சதையும் அந்த நிறமல்ல என்பது உறைத்து, 1962 இல் அதைப் ‘பீச்’ என்று மாற்றியது. அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும், தவிட்டு நிறத்தவர்களே நிரம்பிய நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் அந்தப் பென்சிலைக் கடன் கேட்பது தோல் கலர் என்ற பெயரைச் சொல்லித்தான். எந்த ஆசிரியரும் பாடமாக நடத்தாமல் இது பிள்ளைகளின் வாயில் ஏறியிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் நடத்திய பொம்மைச் சோதனையைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நிறத்தைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இல்லாத பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்று எடுத்தார்கள். பிறகு, “உன்னைப் போல இருப்பது எது?” என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடியதாகக் கிளார்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 இல் அளித்த தீர்ப்பு இந்த ஆய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. தங்கள் பேத்தி அழவில்லை, ஓடவில்லை. அமைதியாக வெளிறிய பென்சிலை எடுத்துத் தீட்டிவிட்டாள். அதனால் எனக்குக் கவலை குறையவில்லை.

ஆனால் கதையில் அவள் அப்படி அமைதியாகத் தாண்டிப் போய்விடவில்லை, நிறுத்திக் கேள்வி கேட்டாள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி சிறுவனாக இருந்தபோது ஆப்பிரிக்காவைக் களமாகக் கொண்ட வெள்ளையரின் சாகசக் கதைகளை வாசித்து, காட்டுமிராண்டிகளை வெல்கிற வெள்ளை வீரர்களின் கட்சியிலேயே நின்று மகிழ்ந்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தக் காட்டுமிராண்டிக் கூட்டத்தில் தானும் ஒருவன் என்பது வளர்ந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. அதன் பிறகே, ஐரோப்பிய இலக்கியத்தில் பெருமையாகப் பேசப்பட்ட ஜோசப் கான்ராடின் ஆப்பிரிக்கக் குறுநாவலை எடுத்துக்கொண்டு, ஒரு கண்டத்தின் மனிதர்களை இது வெறும் பின்னணித் திரையாக்கிவிட்டது என்று 1975 இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மேடையில் பேசினார். அவருக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்த கேள்வி தங்கள் வீட்டில் எட்டு வயதில் வந்திருக்கிறது.

எனக்கு அது அந்த வயதில் வரவில்லை. நாஞ்சில் நாட்டுப் பள்ளி ஒன்றில் ஆண்டுவிழா நாடகம் என்றால் அரக்கன் வேடம் எனக்குத்தான். ஏற்கெனவே கறுப்பாக இருந்த பையனுக்கு அடுப்புக்கரியை வேறு குழைத்துப் பூசுவார்கள். நானும் பெருமையாக நிற்பேன். ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

இனி, விட்டுவிடவா, மாற்றி வாசிக்கவா என்ற கேள்வி. ரோல்டு டாலின் சாக்லேட் ஆலைக் கதை 1964 இல் வெளிவந்தபோது அதில் உழைத்தவர்கள், ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டு, கூலிக்குப் பதிலாகக் கோக்கோ விதை பெறுகிற கறுப்புக் குள்ளர்கள். எதிர்ப்பு எழுந்தது, 1973 பதிப்பில் ஆசிரியரே அவர்களுடைய நிறத்தையும் ஊரையும் மாற்றினார். உயிரோடிருந்த ஆசிரியர் தன் கதையைத் தானே திருத்திக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்யாததை வாசிப்பவர் குழந்தைக்குத் தெரியாமல் செய்வது வேறு விஷயம். கறுப்பு என்ற சொல்லை நீங்கள் விழுங்கிவிட்டு வாசித்தால், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை பக்கத்தை எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். பாட்டியே மறைக்கிறாள் என்றால் அது மறைக்க வேண்டிய நிறம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

மறைப்பதால் என்ன ஆகும் என்பது நம் மாவட்டத்துக்குத் தெரியாததல்ல. நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் 1820களிலிருந்து போராட்டம் நடந்ததும், 1859 அரசாணைகூட உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதை அனுமதித்ததும், தாங்கள் ஆசிரியையாக எத்தனையோ முறை சொல்லியிருக்கக்கூடிய வரலாறு. அது தேசியப் பாடத்திட்டத்தின் 9 ஆம் வகுப்பு வரலாற்று நூலில், ஆடையின் சமூக வரலாற்றைச் சொன்ன அத்தியாயத்தில் இருந்தது. 2019 இல் அந்த அத்தியாயமே நீக்கப்பட்டது. அவமானம் பாடப்புத்தகத்தில் இல்லையென்றால், அதை எதிர்த்து நின்ற பெண்களும் அங்கே இல்லாமல் போகிறார்கள்.

ஆகவே கதையை உள்ளபடியே வாசியுங்கள், அரக்கன் வரும் இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீ எழுதியிருந்தா அவனுக்கு என்ன நெறம் வச்சிருப்ப மக்களே?” என்று கேளுங்கள். பச்சை என்பாள், ஊதா என்பாள். ஒருவேளை வெள்ளை என்றே சொல்லிவிடுவாள். சொல்லட்டும். சில கதைகளைத் தாராளமாக விட்டும்விடலாம். மோசமான கதையை விடுவதற்கு அது மோசமான கதை என்ற காரணமே போதும்.

தங்கள் மைனி சொல்வதில் பாதி உண்மை உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. உரையாசிரியர்கள் அதை மாந்தளிரின் நிறம் என்பார்கள். தலைவன் பிரிந்தால் அந்த மாமையைத் தின்றுகொண்டு உடம்பில் படர்வது பசலை, அதாவது வெளுப்பு. பசுவின் பால் கன்றுக்கும் ஆகாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்தியதுபோல் என் மாமையைப் பசலை உண்கிறதே என்று குறுந்தொகையில் வெள்ளிவீதியார் புலம்புகிறார். அந்தப் பெண்ணுக்கு வெளுப்பதுதான் நோய். வெள்ளையர் ஆட்சியில் நடந்ததும் உண்மை: 1901 கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று ஒரு விதியையே வகுத்தார், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து திரிந்தார், 1909 இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்டார்.

ஆனால் அவர்கள் அளக்க வருவதற்கு முன்பே இங்கே யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவு இருந்தது. உடம்பைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் நம்முடையது; அதற்கு விஞ்ஞானம் என்ற முத்திரையை அவர்கள் குத்திக் கொடுத்தார்கள். இன்றும் ஒரு பிள்ளையைப் பார்த்து “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று நாம் சொல்லும்போது, அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லுக்குள் நிறமும் சாதியும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன. 2017 மார்ச்சில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களை அடித்த கூட்டத்தில் வெள்ளைக்காரர் யாரும் இல்லை என்பதையும் மைனியிடம் மெதுவாகச் சொல்லலாம்.

மருமகளின் கடலைமாவைப் பற்றி: மாவின் மேல் குற்றமில்லை, பிள்ளை குளித்து மணக்கட்டும். அதோடு வரும் பேச்சுத்தான் நிற்க வேண்டும். 1975 இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற பூச்சுக்கு 2020 இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறிவிட்டது. நம் குளியலறைப் பேச்சு அந்த அளவுக்குக்கூட மாறவில்லை. மருமகளிடம் பிள்ளையின் எதிரில் பேச வேண்டாம். அவரும் தன் சிறுவயதில் இதே சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார், கண்டிப்பதைவிடக் கேட்டுக்கொள்வது பலிக்கும்.

விடுமுறையில் ஒருநாள் பேத்தியைச் சாமித்தோப்புக்கு அழைத்துப் போய் வாருங்கள்; எந்த மதத்தினரானாலும் போகலாம். தலைப்பாகை கட்ட உரிமையில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வணங்கச் செய்த அய்யா வைகுண்டரின் பதியில், அதாவது வழிபாட்டுத் தலத்தில், பள்ளியறை என்று சொல்கிற கருவறையில் சிலைக்குப் பதிலாக நிலைக்கண்ணாடி இருக்கும். கும்பிடுகிறவருக்கு எதிரே தெரிவது அவரவர் முகம். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், அவளே கேட்பாள்.

பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியையிடம் பேசும்போது, தாங்களும் அந்த வேலையைப் பார்த்தவர் என்ற உரிமையில், ‘தோல் கலர்’ என்ற பெயரை வகுப்பில் நிறுத்தும்படி கேளுங்கள். பென்சிலுக்கு வேறு பெயர் வேண்டுமே என்றால், அந்தப் பொறுப்பைப் பேத்தியிடமே விட்டுவிடுங்கள். சிப்பியின் உட்புறம் என்பாளோ, உரித்த மட்டிப்பழம் என்பாளோ. எது சொன்னாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.