கணையக் கல் இருக்கட்டும், அந்த மஞ்சளைப் பாருங்கள்

கேள்வி: களியக்காவிளை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு 38 வயது. பத்து வருடமாக வயிற்றுவலி, கணையத்தில் கல், இப்போது சர்க்கரையும் வந்துவிட்டது. குடிக்க மாட்டான், பீடி உண்டு. ஆபரேஷன் என்கிறார்கள். கணையத்தில் கத்தி வைத்தால் ஆள் வீடு திரும்பாது என்று அம்மா அழுகிறாள். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்றதால் வந்ததா? வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறோம். மூன்று வாரமாகக் கண் மஞ்சள், உடம்பு அரிப்பு. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம்.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மஞ்சளுக்காக நாளைக் காலையிலேயே அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மூத்திரம் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போகிறதா, மலம் சுண்ணாம்புபோல வெளுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் பித்தக்குழாய் எங்கோ அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழாய் கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்கு வருகிறது. தலை வீங்கி அழுத்தலாம், கட்டியாகவும் இருக்கலாம். பல வருடம் கல் கிடந்த கணையத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், ஸ்கேன் பார்க்காமல் யாரும் எதையும் சொல்ல முடியாது. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராதீர்கள், அன்று இரவே அவசரப் பிரிவு.

கீழாநெல்லியை இன்றே நிறுத்துங்கள். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாக இறங்கும், பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். அடைப்பு அப்படி இறங்காது. இப்படி வாரக்கணக்கில் அரைத்துக் குடித்துவிட்டு, எலும்பும் தோலுமாக வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபமல்ல, வேதனைதான் வருகிறது. வாழைத்தண்டுச் சாறு கணையக் கல்லைத் தொடக்கூட முடியாது. எக்ஸ்ரேயில் முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாகத் தெரியும் அவை சுண்ணாம்புக் கற்கள். கையில் எடுத்தால் உடைந்த பவளத்துண்டுபோலக் கரடுமுரடாக இருக்கும்.

மரச்சீனிமேல் பழி போட்டது பழைய கதை. நம் பக்கத்திலும் கேரளத்திலும் குடிக்காத இளைஞர்களுக்கு இந்த நோய் வருவதைப் பார்த்து, கிழங்கிலுள்ள சயனைடுதான் காரணமோ என்று சந்தேகித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. பலரிடம் ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தது. நன்றாக வேகவைத்து மீன்கறியோடு சாப்பிடட்டும், சர்க்கரைக்காக அளவோடு. பீடிதான் உண்மையான எதிரி, அதை விட்டே ஆகவேண்டும்.

இனி அம்மாவின் பயம். கட்டி இல்லை, கல்லும் வீக்கமும்தான் என்றால் கணையத்தை அப்படியே எடுத்துவிட மாட்டார்கள். 1987-இல் வெளிவந்த ஃப்ரே முறையில் தலைப்பகுதியை உள்ளே குடைந்து, கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து, கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, சிறுகுடலை அதன்மேல் வைத்துத் தைப்பார்கள். தேங்கிய கணைய நீர் குடலுக்கு வடியும், பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகக் குறையும். பித்தக்குழாய் அடைப்புக்கும் அப்போதே வழி செய்வார்கள். சர்க்கரை மட்டும் போகாது. நெதர்லாந்தில் 88 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், முதலில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சை) செய்தவர்களைவிடச் சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது.

கட்டி என்றால் விப்பிள் ஆபரேஷன், அதாவது கணையத்தின் தலையையும் அதை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கத்தையும் சேர்த்து எடுப்பது. அது பெரியது. அம்மா கேள்விப்பட்டது அந்தக் காலத்துக் கணக்கு. 1960-களில் நாலில் ஒருவர் இறந்தார்கள். அடிக்கடி செய்கிற இடங்களில் இன்று நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அதனால் "மாதத்துக்கு எத்தனை கணைய ஆபரேஷன் செய்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் உங்களுக்குப் பக்கம்தானே.

பத்து வருடத்து ஸ்கேன் படங்கள் பீரோவில் கிடக்கும். ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வீக்கமா கட்டியா என்பது ஓரளவு பிடிபடும்.