பழைய ஓவியங்களைப் பார்த்து 17ஆம் நூற்றாண்டு டச்சு உடைக்கு நிறம் தேர்ந்தெடுக்கலாமா?

தேர்ந்தெடுக்கலாம். ஆனால் திரையில் தெரியும் நிறத்தை அப்படியே நம்பித் துணி வாங்கிவிடாதீர்கள்.

முதலில் வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பாருங்கள். அது வைக்கோல் நிறத்தில் இருந்தால் மேலே பூசிய வார்னிஷ் மஞ்சளாகியிருக்கக்கூடும். அப்போது நீலமும் பச்சையடித்தே தெரியும். ஓவியத்தைச் சுத்தம் செய்தபின் எடுத்த படம் அருங்காட்சியகத் தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வார்னிஷை நீக்கினாலும் மீளாத மாற்றங்கள்தான் பெரிய சிக்கல். கோபால்ட் கண்ணாடியைப் பொடித்துச் செய்த ஸ்மால்ட் நீலம், எண்ணெயில் பொட்டாசியத்தை இழந்து சாம்பலாகும். செப்புப் பச்சை பழுப்பாகும். மேடர் வேர், கொச்சினீல் பூச்சி இவற்றின் சாயத்தில் செய்த சிவப்பு வெளிச்சத்தில் வெளுக்கும். ஓவியத்தின் மரச்சட்டம் மறைத்த விளிம்பில் மட்டும் பழைய அடர்த்தி மிஞ்சியிருக்கலாம். ஆகவே சாம்பல் பாவாடையைக் கண்டால் நிறமி ஆய்வறிக்கையைப் படித்துவிட்டே முடிவெடுங்கள்.

ஓவியர் தீட்டியது நிறமி, துணியில் ஏறியது சாயம். டச்சு ஓவியர் வெர்மீரின் அல்ட்ராமரின் நீலம் லாபிஸ் லசூலி கல்லிலிருந்து வந்தது. துணிக்கு அவுரியோ, வோட் என்ற ஐரோப்பிய நீலச்சாயச் செடியோதான். அவுரியில் பலமுறை தோய்த்தெடுத்த கம்பளித் துண்டுகளைப் பகலொளியில் வைத்து, மடிப்பின் நிழலையும் மினுக்கத்தையும் விட்டு, நடுத்தர ஒளி விழும் பகுதியோடு ஒப்பிடுங்கள்.